ஒரு குடம் மழை

செயற்கைக்கோள் தலைக்கு மேலே வரப்போகிறதென்றால் கோவிந்தப்பா சீப்பை எடுத்துவிடுவார். ஹொசகோட்டைக்கு அப்பால், ராகி அறுத்து மொட்டையாகக் கிடக்கும் காட்டின் நடுவே நின்று வகிடெடுத்து, காலரை நீவிக்கொள்வார். அது படம் எடுப்பதில்லை, மண்ணின் ஈரத்தைத்தான் அளக்கிறது என்று ஆபீஸ் விஞ்ஞானி உஷா பலமுறை சொல்லியாயிற்று. "இருக்கட்டும் மேடம். அவுரு பாக்கறப்ப நாம பரட்டையா நின்னா ஆபீசுக்குத்தான் கெட்ட பேரு" என்பார்.

கோவிந்தப்பாவின் வீடு நகரத்துக்குள், ஆஸ்டின் டவுனில். காட்டில் புதைத்த சென்சார் ஒன்று மண்ணின் ஈரத்தைச் சொல்லும். மேலிருந்து செயற்கைக்கோளும் ஒரு கணக்குச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஆராய்வது உஷாவின் வேலை. சென்சாரைப் பார்த்துக்கொள்வது கோவிந்தப்பாவின் வேலை. அவருக்கு இது சம்பந்தம் பேசுகிற விவகாரம். செயற்கைக்கோள் மாப்பிள்ளை வீடு, சென்சார் பெண் வீடு. சென்சாரைச் சுற்றிய வேலிக்குள் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். ஆடு எட்டிப்பார்த்தால் கன்னடத்தில் திட்டுவார். ஆட்டுக்குத் தமிழ் புரியாதாம்.

"நம்ம பொண்ணு பொய் சொல்லாது மேடம்."

இரண்டாயிரத்து நாலு ஏப்ரலில் சம்பந்தம் முறிகிற நிலைக்கு வந்தது. மாப்பிள்ளை வீடு ஈரம் இருபத்திரண்டு சதவீதம் என்றது. பெண் எட்டிலிருந்து இறங்கவுமில்லை, ஏறவுமில்லை. செயற்கைக்கோளின் ஒரு பார்வைக்குள் சுற்றுவட்டாரம் முழுக்க, ஏரி உள்பட, அடங்கிவிடும் என்று உஷா விளக்கினார்.

"ஏரியைப் பாத்துட்டு எங்க காடு ஈரம்னா எப்பிடி? எதிர்வீட்டுல பிரியாணின்னா எங்க வீட்டுலயும் வாசனைதான் வரும், சோறா வரும்?"

ஆபீஸ் முடிவெடுத்தது: இந்த வாரமும் ஒத்துப்போகாவிட்டால் சென்சார், எங்கோ தொலைவில் ஏரியில்லாத ராய்ச்சூர் பக்கம் போகும். பார்த்துக்கொள்கிறவரும் கூடவே போக வேண்டும்.

மனைவி பாஞ்சாலி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ராய்ச்சூர்லயா? மோர் இல்லன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிற ஆளு. அங்க யாரு ஒன்ன சமாதானம் பண்றது?" கோவிந்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் உஷா ஜீப்பில் வந்து கருவியைப் பார்த்தார். நாற்பத்து மூன்று. வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை.

"நேத்து மழையா கோவிந்தப்பா?"

"ஸ்வல்ப பெஞ்சுது மேடம்."

"வர்ற வழியெல்லாம் புழுதி பறக்குதே?"

"இங்க மட்டும் பெஞ்சுது."

உஷா சேலத்துக்காரர், மழை விஷயத்தில் அவரை ஏமாற்றுவது கடினம். குனிந்து பார்த்தார். சென்சாரைச் சுற்றி முறம் அளவுக்கு ஒரு வட்டம், கறுப்பாக, குளிர்ந்து. அதற்கு வெளியே மண் வெடித்துக் கிடந்தது. வட்டத்தின் ஓரத்தில் எறும்புகள் வழி தெரியாமல் முட்டிக்கொண்டிருந்தன.

"எவ்ளோ நேரம் பெஞ்சுது?"

கோவிந்தப்பா காலரை நீவிக்கொண்டார்.

"ஒரு கொடம் மேடம்."

உஷா முகத்தை ஜீப்பின் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது, சிரித்ததில்தான். "பொண்ணு பொய் சொல்லாதுன்னீங்க."

"அது சொல்லல மேடம். ஈரம்னுச்சு, ஈரமாத்தான இருக்குது? பொய் சொன்னது நானு."

"நாப்பத்து மூணு கணக்குல சேராது. ஏரிக்கரை, தென்னந்தோப்பு, ரோட்டோரம்னு இன்னும் நாலு எடத்துல சென்சார் வெச்சு, மொத்தமா சராசரி பாக்கலாம்னு கேட்டுப்பாக்கறேன். அதுவரைக்கும் ராய்ச்சூர் வேணாம்னும் கேக்கறேன். ஒத்துக்குவாங்களான்னு தெரியல. மொதல்ல அந்தக் கொடத்த எடுத்துட்டு வாங்க. இனி அது ஜீப்புல இருக்கட்டும்."

புதருக்குப் பின்னாலிருந்து பச்சை பிளாஸ்டிக் குடம் வந்தது. அடியில் இன்னும் தண்ணீர் தளும்பியது. கொட்டிவிடலாம் என்று சாய்த்த கோவிந்தப்பா, பாதியில் கையை நிறுத்திக் காலடி மண்ணைப் பார்த்தார். பிறகு குடத்தை இரு கைகளாலும் தூக்கி, அண்ணாந்து, ஒரு சொட்டும் கீழே விழாமல் அத்தனையையும் குடித்து முடித்தார்.