விதி நான்கும் மாசிச் சம்பலும்

வியாழன், காலை 6.20. கொழும்புக் கோட்டை நிலையத்தில் கண்டிக் கடுகதி ரயில் ஏழு மணிக்குப் புறப்படும் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். மாவட்டச் செயலகமான கச்சேரியில் முப்பத்துநான்கு வருடம் கோப்புக் கட்டியவன் என்பதால், எழுதியிருப்பதை நான் நம்புவதில்லை. ஆனாலும் அது ஏழு மணிக்கே புறப்பட்டது. போர் நடக்கும் நாட்டில் இப்படியான ஒழுங்கீனங்களும் உண்டு.

என்னுடன் வந்தவள் மதுரா. இலண்டனில் இருக்கும் என் தம்பியின் மகள், இருபத்துநான்கு வயது. பிறந்த வாரத்திலேயே அவளுடைய குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்து, பரம்பரையாக வரும் ஒரு குறைபாட்டைக் கண்டுபிடித்தார்கள். பினைல்கீட்டோனூரியா என்பது அதன் பெயர். புரதத்தில் உள்ள ஒரு கூறை அவளுடைய உடலால் உடைக்க முடியாது. அது இரத்தத்தில் தேங்கினால் மூளையைத் தாக்கும். ஆகவே மீன், இறைச்சி, முட்டை, பால், பருப்பு எதுவும் ஆகாது. சோறுகூட நிறுத்துத்தான். உடலுக்கு வேண்டிய மிச்சச் சத்தை ஒரு மருந்து மாவில் இருந்து எடுக்கிறாள். ஒரு நாளைக்கு மூன்று தரம் அதைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பாள். இவற்றைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பகிடியில் என்னை வெல்லுவாள்.

கண்டியில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான சிறு பள்ளியொன்றில் ஒரு வருடம் படிப்பிக்க வேண்டும் என்று வந்திருக்கிறாள். தம்பி தொலைபேசியில் ஒரு நிபந்தனை போட்டான்.

"அண்ணை, மூண்டு நாள் நிண்டு பாருங்கோ. சாப்பாட்டில ஒரு பிழை வந்தாலும் பிளேன் ஏத்திவிடுங்கோ."

நான் சம்மதித்தேன். உண்மையைச் சொன்னால், பிழை வரும் என்றே எதிர்பார்த்தேன். இந்த நாட்டுச் சமையலறைகளை எனக்குத் தெரியும்.

பயண ஆவணங்கள் எல்லாம் மூன்று பிரதி வைத்திருந்தேன். மதுரா தங்கப்போகும் வீட்டுக்காரிக்குப் பதினான்கு விதிகள் அடங்கிய உணவு அறிவுறுத்தல் ஒன்றை இரண்டு கிழமைக்கு முன்னரே பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன்.

9.40. நூற்றிருபத்தொரு கிலோமீற்றர் தாண்டிக் கண்டி. கடுகண்ணாவ ஏற்றத்தில் யன்னலால் வந்த குளிரில் என் மூக்கு அடைத்துவிட்டது. இந்தத் தகவல் பின்னர் தேவைப்படும்.

நிலைய வாசலில் சோதனை. இராணுவச் சிப்பாய் ஒருவன் மதுராவின் பையைத் திறந்து, பெரிய தகரப்பேணியை வெளியே எடுத்தான். மூடியைத் திறந்தால் வெள்ளை மா. "மே மொனவாத?" இது என்ன என்று கேட்டான். நான் கோப்பைத் திறந்து, மருத்துவமனைக் கடிதம், அதன் சிங்கள மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு சரி என்ற சத்தியக் கடதாசி என்று ஒவ்வொன்றாக நீட்டினேன். அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. மதுரா பேசாமல் ஒரு கரண்டி மாவைப் போத்தலில் போட்டுக் குலுக்கி, அவனுடைய மூக்கருகே பிடித்தாள்.

"கேம," என்றாள். சாப்பாடு. அவளுக்குத் தெரிந்த பத்துச் சிங்களச் சொற்களில் ஒன்று.

சிப்பாயின் தலை தானாகப் பின்னால் போனது. அந்த மா அப்படி மணக்கும். அவள் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். "அனே பவ்," ஐயோ பாவம் என்று அவன் இரங்கிச் சொல்லி, மூடியைத் தானே இறுக்கித் திருப்பிக் கொடுத்தான்.

"பெரியப்பா, கோப்பை மூடுங்கோ, மழை வருது," என்றாள் மதுரா.

மதுரா தங்கப்போகும் வீடு இருக்கும் மஹய்யாவ, நிலையத்தில் இருந்து இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவு. முச்சக்கர வண்டிக்காரர் எண்பது ரூபாய் கேட்டு அறுபதுக்கு இறங்கினார். வீட்டுக்காரி கமலா வாசலிலேயே நின்றார். கணவர் மாநகரசபையில் நீர் வழங்கல் பகுதி. மூன்று தலைமுறையாக இதே வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். இப்போது இருப்பது வீட்டின் இரண்டாவது கூரை. முதற்கூரை இனக்கலவரத்தில் எரிந்தது. அதைக் கமலா பழைய மழையொன்றைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"வாங்க ஐயா. வா பாப்பா, உள்ள வா. ஐயா அனுப்புன சட்டத்தப் பாத்தீங்களா? செவுத்துல ஒட்டியாச்சு."

என் பதினான்கு விதிகளும் அடுப்புக்கு மேலே, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தன. பக்கங்களின் மூலையில் மஞ்சள்கூடப் பூசியிருந்தது. என் சேவைக்காலத்தில் எந்தச் சுற்றறிக்கைக்கும் அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

12.45. பகல் சாப்பாடு. மதுரா தன் சிறிய தராசில் சோற்றை நிறுத்தாள். வாழைக்காய்க் கறி, பூசணிக்காய், தேங்காய்ச் சம்பல். பருப்பு இல்லை, பாலும் இல்லை. எல்லாம் விதிப்படி. சம்பல் அபாரம். மதுரா இரண்டு தரம் எடுத்தாள். நான் மூன்று தரம்.

"தங்கச்சி, இந்தச் சம்பலுக்கு என்ன கைமருந்து போட்டனீங்கள்?" என்று கேட்டேன். பாராட்டத்தான் கேட்டேன்.

"என்னத்த ஐயா, எல்லாரும் போடுறதுதான். கொச்சிக்காய், வெங்காயம், தேசிக்காய், மாசி."

மதுராவின் கை நின்றது. என்னுடைய கையும் நின்றது. மாசி என்பது மாலைதீவில் இருந்து கட்டை போலக் காய்ந்து வரும் மீன். அதை இடித்துத் தூவுவார்கள். நானோ நாற்பது வருடமாக மச்ச மாமிசம் தொடாதவன்; மூக்கு அடைத்திருந்ததால் மணமும் தெரியவில்லை.

"மீன் போடக்கூடாது எண்டு விதி நாலில எழுதினனான் அல்லோ!"

கமலா சுவரைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "மீன் வாங்கவே இல்லையே ஐயா. மாசி சரக்குதானே? மொளகு, சீரகத்தோட டப்பாவுல இருக்கு. மாசி போடாதீங்கன்னு எழுதலையே."

எழுதவில்லை. எங்கள் வீட்டில் மாசி இல்லாததால் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. கமலாவின் வீட்டில் எல்லாக் கறியிலும் இருப்பதால் அவருக்கு அது மீனாகத் தெரியவில்லை. குற்றம் வரைந்தவனுடையது.

மதுரா குறிப்புப் புத்தகத்தை எடுத்து, கமலாவிடம் எத்தனை கரண்டி, எத்தனை பேருக்கு என்று விசாரித்துக் கணக்குப் பார்த்தாள். ஆறு வயதில் இருந்து செய்கிற வேலை. முகத்தில் எந்தக் கலவரமும் இல்லை.

"இண்டையான் புரதப் பங்கில அரைவாசி போயிட்டுது. இரவைக்குச் சோறு இல்லை, பப்பாளியும் என்ர மாவும். அவ்வளவுதான், அக்கா. அழாதேங்கோ."

"வீட்டுக்கு வந்த புள்ள மொத நாளே பட்டினியா படுக்கவா?" என்று கமலா முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

முற்றத்துக்கு வந்து மதுராவிடம் சொன்னேன்: "இதைக் கொப்பருக்கு அறிவிக்கவேணும், பிள்ளை. அதுதான் நிபந்தனை."

"அறிவியுங்கோ. நான் பெரியம்மாவுக்கு அறிவிக்கிறன், நீங்கள் மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டதை."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கண்டி மலைகளைப் பார்த்தபடி சொன்னாள்: "பெரியப்பா, அண்டைக்கு அந்த ஒரு துளி இரத்தம் எடுத்திராட்டி, நான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோட வாங்கிலில இருந்திருப்பன். பிழையே வராத இடம் எண்டு ஒண்டும் இல்லை. வந்தால் என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியும்."

கோப்பை எடுத்துத் திறந்தேன். கோப்பில் அதற்கு இடமில்லை.

வெள்ளி, காலை 7.15. கமலா எங்களை எழுப்பி, குருநாகல் பாதையில் பன்னிரண்டு மைல் தள்ளியிருக்கும் கலகெதரவுக்குப் பஸ் ஏற்றினார். ஏன் என்று சொல்லவில்லை. வழியில் இரண்டு இடத்தில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து, மீண்டும் ஏறினோம். இரண்டிலும் கமலாதான் வரிசையில் முன்னால் நின்று, "என்னோட வந்தவங்க," என்று சிங்களத்தில் சொன்னார்.

சந்தைக்குப் பின்னால் பண்டா என்பவரின் கடை. சாக்கில் மங்கல் நிறத்தில் மா. கித்துள் மா என்றார் கமலா. கித்துள் என்ற பனைவகை மரத்தின் உள்ளிருக்கும் மென்மையான சோற்றியை இடித்து, தண்ணீரில் பலதரம் கழுவி, அடியில் படிவதை மட்டும் காயவைப்பது என்று பண்டா சிங்களத்தில் விளக்க, கமலா மொழிபெயர்த்தார். சக்கையும் தண்ணீரும் போய்விடும், மிஞ்சுவது வெறும் மா. மதுரா ஒவ்வொரு படியையும் இரண்டு தரம் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இது வெறும் மாச்சத்துத்தான், பெரியப்பா. புரதம் இல்லையெண்டே சொல்லலாம். இலண்டனில இப்படியான மாவை எனக்கு மருந்துச் சீட்டில தருவினம். பெட்டிக்குள்ள வரும், கடதாசி மாதிரி இருக்கும்."

"ராத்திரி பூராவும் யோசிச்சேன்," என்றார் கமலா. "எங்க மாமியா காய்ச்சக்காரங்களுக்கு இதத்தான் கிண்டிக் குடுப்பாங்க. இதுல மீனும் இல்ல, மாசியும் இல்ல, சட்டத்துக்கு வேலையும் இல்ல."

கடைசிச் சொற்கள் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டவை.

இரண்டு கிலோ மா நூற்றெண்பது ரூபாய், ஒரு போத்தல் கித்துள் பாணி, அதாவது பாகு, அறுபது. பகல் ஒரு மணிக்கு மஹய்யாவ அடுப்பில் மா கொதித்து, பழுப்பாகி, பளபளவென்று களியாகத் திரண்டது. கமலா மேலே பாணியை ஊற்றினார். மதுரா பழக்கத்தில் தராசை எடுத்து மேசையில் வைத்தாள். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவும் சாப்பிடலாமா, பாப்பா?"

"ஓம், அக்கா. எவ்வளவும்."

தராசை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டாள். இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி இரண்டாம் தரம் தட்டை நீட்டுவதில் ஒருவன் பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சனி, பிற்பகல் 3.00. திரும்பும் வண்டி. காலையிலேயே கமலா மதுராவைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய், வீட்டில் தங்குபவளாகப் பதிந்துவிட்டார். என் அனுமதியை யாரும் கேட்கவில்லை. மதுரா விரலில் குத்தி அட்டையில் இட்ட இரத்தத் துளிகளை ஒரு உறையில் தந்தாள். பரிசோதனைக்காக அது கொழும்பில் இருந்து இலண்டனுக்குத் தபாலில் போகும். மேடையில் அவள் என் பையை வண்டியில் ஏற்றிவிட்டாள். தம்பிக்கு நான் எழுதப்போகும் அறிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை. அது கெஞ்சுவதைவிட மோசமாக இருந்தது.

பேராதனை தாண்டியதும் எழுதத் தொடங்கினேன். சேவையில் இருந்தபோது பிழையை எழுத்தில் எப்படி மறைப்பது என்பதில் நான் வல்லவன். இம்முறை மறைக்கவில்லை. மாசி, இரண்டு தரம், அரைவாசிப் பங்கு, இரவுச் சோறு இல்லை, மறுநாள் கித்துள் மா என்று ஒழுங்காக எழுதினேன். பொறுப்பு: விதி நான்கை வரைந்தவர். சிபாரிசு: பிள்ளை கண்டியிலேயே இருக்கலாம். பிழையைத் திருத்தத் தெரிந்த இருவர் அந்த வீட்டில் இருக்கிறார்கள். கீழே, என் மூன்று தரத்தையும் எழுதினேன். அறிக்கை என்றால் அறிக்கை.

நான்கு கிழமையில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அளவு கட்டுக்குள். தம்பி தொலைபேசி எடுத்தான். "சரி அண்ணை. இருக்கட்டும். அந்த மாவில எனக்கும் கொஞ்சம் அனுப்புங்கோ," என்றான்.

நான் வெள்ளவத்தையில், என் மனைவியின் மாசியில்லாத சமையலறையில் இருக்கிறேன். மதிய வேளைகளில் தேங்காய்ச் சம்பலை வாயில் வைத்ததும் ஒரு கணம் நிற்கிறேன்.

"என்ன, ஏதும் குறையுதோ?" என்று மனைவி கேட்கிறாள்.

"ஒண்டும் இல்லை," என்கிறேன். எல்லாம் விதிப்படிதான் இருக்கிறது.