அங்கிள் செத்தால் விடுப்பு இல்லை

இங்கே ரப்பர் பொம்மையை வைத்துச் சாவுச் செய்தி சொல்லப் பழகுகிறார்கள். நான் நர்சாக வேலை பார்க்கும் இங்கிலாந்து மருத்துவமனையில், கட்டிலில் கிடக்கும் பொம்மை இறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, மாணவிகள் அதன் கற்பனை மனைவியிடம் தணிந்த குரலில் பேச வேண்டும். குரல் சற்று உயர்ந்தால் மதிப்பெண் குறையும். ராயபுரத்தில் இந்தத் தேர்வை வைத்தால் எங்கள் தெருவில் ஒருத்தரும் தேற மாட்டோம்.

இந்துக்கள் எப்படிச் சாகிறார்கள் என்று பாடம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். வார்டில் இருக்கும் ஒரே இந்து நான், தகுதி அவ்வளவுதான். மூச்சு நின்றுதான் சாகிறோம் என்று உண்மையைச் சொன்னால் வகுப்பு உடனே முடிந்துவிடும். ஆகவே எங்கள் மீனவர் தெருவைச் சொன்னேன்: சாமியானா, ஐஸ் பெட்டி, மேளம், கானா, வேட்டு. "ஹவ் பியூட்டிஃபுல்!" என்றாள் ஒரு மாணவி. ஊர்வலத்துக்குப் பின்னால் சிக்கிக்கொண்ட பஸ்ஸில் வெந்திருந்தால் வேறு சொல் வந்திருக்கும். சித்தப்பா, பெரியப்பா எல்லாம் எங்களுக்கு அப்பா மாதிரிதான் என்றும் விளக்கினேன். மேலாளர் ஹெலன் முன்வரிசையில் உட்கார்ந்து உருகி உருகிக் கேட்டார்.

அடுத்த மாதம் சித்தப்பா இறந்தார். என் அப்பா கடலோடு போன பிறகு என்னை வளர்த்தவர். காசிமேட்டில் வலை இழுத்துக் காய்த்துப்போன கையால் எனக்குச் சடை பின்னியவர். அவர் மகன் குமார்தான் போன் செய்தான்.

"அக்கா, நைனா பூட்டாருக்கா. நாளிக்கு சாய்ங்காலம் எடுக்கறோம். வந்துடுவல்ல?"

ஹெலனிடம் ஓடினேன். யார் இறந்தது என்று பதறிக் கேட்டார்.

"அங்கிள்," என்றேன். அந்த மொழியில் வேறு சொல் இல்லை.

அவர் முகத்தில் பதற்றம் வடிந்தது. அங்கிளுக்கு விடுப்பு கிடையாதாம்.

"என்னை வளர்த்தவர். வகுப்பில்கூடச் சொன்னேனே..."

"அது அருமையான வகுப்பு," என்றார் ஹெலன்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் ஓய்வறைக் கதவைச் சாத்திக்கொண்டு குமாரை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே அப்போது சாயங்காலம். சித்தி திரைக்குள் முகத்தை நுழைத்தாள்.

"இன்னாடி, ஊம மாதிரி கீற? வாயத் தொறந்து அழுவுடி!"

சுவருக்கு அந்தப் பக்கம் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பாடை கிளம்பியது. தெருமுனையில் பெண்களை நிறுத்திவிட்டார்கள். ஊரில் இருந்திருந்தால் நானும் அதற்கு மேல் ஓர் அடி வைத்திருக்க முடியாது. குமாரோ போனை அணைக்க மறந்து, அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தான். ராயபுரத்துப் பெண்ணுக்கு ராயபுரத்தில் கிடைக்காத வழி இங்கிலாந்திலிருந்து கிடைத்தது. திரை இருண்டுவிட்டது. மேளமும் குமாரின் மூச்சும் மட்டும் கேட்டன. நான் எழுந்தேன். மேளத்துக்குக் கால்கள் தாமாகவே ஆட ஆரம்பித்தன.

கதவைத் திறந்த ஹெலன், முகமெல்லாம் கண்ணீரோடு குதித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத் திகைத்தார்.

"நல்ல செய்தியா?"

உதட்டில் விரல் வைத்து அவரைச் சும்மா இருக்கச் சொன்னேன். சட்டைப்பைக்குள் ஊர்வலம் சுடுகாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.