கொட்டாரத்து வழியில் ஓர் அவகாசம்

பொதுவழியை அடைப்பதென்றால் முதலில் அறிவிப்பு ஒட்டவேண்டும். ஆட்சேபம் உண்டா என்று கேட்கவேண்டும். ஆட்சேபித்தவனை நேரில் விசாரிக்கவேண்டும். அதன்பிறகே உத்தரவு. வருவாய்த் துறையில் தலை நரைத்த எனக்கு இதை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரியும். எங்கள் வழியை அடைத்தபோது வைக்கப்பட்ட ஒரே அறிவிப்பு, 'நாய் உண்டு, கவனம்' என்று மலையாளத்தில் எழுதிய தகரப் பலகை. நாயும் கிடையாது.

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கொட்டார வளாகம் இருக்கிறது. ராஜாக்கள் பயணத்தின்போது தங்கிப்போன இடம். இப்போது வௌவால்கள் நிரந்தரமாகவே தங்கிவிட்டன. ஆனால் அன்று நட்ட மரங்கள் கம்பீரம் குறையாமல் நிற்கின்றன. அந்த நிழலில் நடந்து, கல்படி இறங்கினால் குளம். குளத்தைத் தாண்டினால் காவு. நாகங்களுக்கு விட்டுவைத்த காடு என்பதால் யாரும் கத்தி வைப்பதில்லை. காவுக்கு அப்பால் ரப்பர் தோட்டத்தின் ஓரமாகப் படியில்லாத மெல்லிய சரிவில் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். பழைய சர்வேப் படத்தில் அந்த ஓரம் ஊர்வழி.

முழங்கால் அறுவைக்குப் பிறகு என் மனைவியைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பெரிய ரோட்டில் பனச்சமூடு போகும் கல் லாரிகளுக்கு ஒதுங்கவே நேரம் சரியாக இருக்கும். இந்த வட்டம்தான் அவளுக்குத் தோதானது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளால் கல்படி இறங்க முடியும், ஏற முடியாது. வட்டமாகப் போனால் படி ஏறவே வேண்டாம்.

ரப்பர் தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர் அந்த ஊர்வழியின் குறுக்கே இரும்பு கேட் போட்டுப் பூட்டினார். அன்றைக்கு அவளைப் படியேற்றிக் கொண்டுவர நானும் குளிக்க வந்த இரண்டு பேரும் வேண்டியிருந்தது. வீடு வந்ததும் அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த மனிதரைச் சும்மா விடுவதில்லை என்று நான் முடிவுசெய்தது அப்போதுதான்.

புகார் கொடுத்தேன். வார்டு மெம்பர் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. கேட்டை எடுத்துவிடுகிறேன், ஓணம் வரைக்கும் பொறுக்கவேண்டும் என்றார் தோட்டக்காரர். பெருந்தன்மை என்னும் வியாதி எனக்கு எப்போதாவது வரும். "சரி, அவகாசம் குடுக்கலாம்" என்றேன். நடவடிக்கைக் குறிப்பை மலையாளத்தில் எழுதினார்கள். எழுதியதைப் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி, படித்தும் காட்டினார்கள். புகார்க்காரர் எதிர்த்தரப்புக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார் என்று என் காதில் சரியாகத்தான் விழுந்தது. தோட்டக்காரர் சிரித்தார். மரியாதைச் சிரிப்பு என்று நினைத்தேன்.

ஓணம் போயிற்று. கேட் போகவில்லை. போய்க் கேட்டேன்.

"நீங்கதானே சாரே அவகாசம் தந்தது. எழுதி வச்சிருக்காக்கும்" என்றார்.

தமிழில் அவகாசம் என்றால் தவணை. மலையாளத்தில் உரிமை. இரண்டு மொழியிலும் பரீட்சை எழுதிப் பாஸான என்னை வைத்தே, வழியின் மேலுள்ள உரிமையை அவருக்குத் தாரை வார்த்திருந்தார்கள்.

அன்றிரவு அந்த மனிதரின் முகத்தை நினைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கினேன். பகை ஒன்று கையில் இருந்தால் ஓய்வுகாலம் எவ்வளவு ஒழுங்காகப் போகும் என்பதை ஓய்வூதியக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

எங்களைப் போன்ற சிறுபான்மை மொழிக்காரர்கள் மேலதிகாரிக்குத் தமிழில் மனு எழுதலாம். எழுதினால் தமிழிலேயே பதில் வரவேண்டும். அந்தச் சலுகையை அதுவரை நான் பயன்படுத்தியதில்லை. இப்போது பயன்படுத்தினேன். ஊர்வழி என்பதற்கு சர்வேப் படத்தின் நகலை இணைத்தேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "எதிர்த்தரப்பாருக்கு இனி யாதொரு அவகாசமும் இல்லை என உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்." தமிழ் தெரிந்தவனுக்கு அது தவணை மறுக்கும் சாதாரண வாக்கியம். ஆனால் அதிகாரிக்காக அதை மலையாளத்தில் மொழிபெயர்க்கிறவர் தெரிந்த சொல்லை மாற்றமாட்டார், அப்படியே எடுத்துவைப்பார்; அங்கே அது உரிமையை மறுக்கும். பல வருடம் மொழிபெயர்ப்புகளைத் திருத்தியவன் நான்.

பதில் வரவில்லை. நினைவூட்டினேன். மறுபடி நினைவூட்டினேன்.

இதற்கிடையில் என் மனைவி எனக்கு ஒரு துரோகம் செய்தாள். தோட்டக்காரரின் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. அவரையும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். சாவி அவரிடம் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள். உரிமையுள்ள வழியில் தயவுக்கு நடப்பதா என்று கேட்டேன்.

"நீங்க வழக்க நடத்துங்க. நான் நடந்துட்டு வாறேன்" என்றாள்.

நானும் கூடப் போவேன், கேட் வரைக்கும். அவர்கள் பேசிக்கொண்டே உள்ளே போவார்கள். நான் திரும்பி, காவு கடந்து, படியேறி வருவேன். தோட்டக்காரர் பால்வடியும் மரங்களுக்கு நடுவில் நின்று பார்ப்பார். "கேட்டு தொறந்துதான் கெடக்கு சாரே, கேறி வரலாமே" என்பார். உத்தரவு வரட்டும் என்பேன். என் முழங்காலும் அப்போது கெடத் தொடங்கியிருந்தது. அதை வீட்டில் சொல்லவில்லை.

பதிலைத் தபால்காரர் காலையிலேயே கொண்டுவந்தார். பிழைகளோடு, ஆனால் தமிழில். அதை எடுத்துக்கொண்டு, நடக்கப் புறப்பட்ட மனைவியோடு நேரே கேட்டுக்குப் போனேன்; தோட்டக்காரரும் அவர் மனைவியும் அங்கே நின்றார்கள். வழி பொதுவழி, கேட்டை அகற்றவேண்டும், எதிர்த்தரப்பாருக்கு இவ்வழியில் யாதொரு அவகாசமும் இல்லை. நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"எத்தன நாளுக்குள்ள எடுக்கணும்னு இல்லியே" என்றார்.

"அது தமிழ் அவகாசம். இது நீங்க அண்ணைக்குச் சிரிச்ச அவகாசமாக்கும்."

இந்தத் தடவை நான் சிரித்தேன். அவர் மனைவி சாவியை என் மனைவியின் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இனி யார்கூட நடப்பேன் என்றாள் என் மனைவி. நான் இருக்கிறேன் என்றேன். அவள் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பூட்டைத் திறந்து முன்னால் நடந்தாள்; நான் முதல்முறையாகக் கேட்டைத் தாண்டி அவள் பின்னால் போனேன்.

ரோட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொன்கரை போட்ட கசவு உடுத்து, கேரள மாநிலம் பிறந்த நாளான கேரளப் பிறவிக்கு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். தெற்கே நாலு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போக, எங்களுடையது இங்கேயே நின்றுபோன நாள். தமிழில் எனக்கு அரசாங்கம் பதில் தந்த நாளும் அதுதான்: நவம்பர் ஒன்று.