பாஸ்போர்ட்டு புதுக்குன கதை

பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பதும் ஒரு தொழிலா என்று கேட்கிறவர்களை ஒரே ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். சாயங்காலம் தலைவலி மாத்திரையை அவர்களே போய் வாங்கிக்கொள்வார்கள்.

கோட்டாறில் ஒரு ஜவுளிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் இருக்கிறது என் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு வாய். இருபத்திரண்டு வருஷமாக மூன்றும் ஓடுகின்றன. நான் ஃபாரம் நிரப்பி அனுப்பினவர்கள் வளைகுடா முழுக்கக் கிடக்கிறார்கள். நான் மட்டும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று டாட்டா காட்டியதோடு சரி.

இந்த வருஷம்தான் உள்ளே போக இருந்தேன். மகள் ஜெனிக்கு மஸ்கட்டில் தலைப்பிரசவம். விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் அவள் இங்கே வர முடியாது, நான் அங்கே போக வேண்டும். தலைப்பிரசவம் பெற்றவள் பார்க்க வேண்டியது. அதை விட்டுக்கொடுத்தவளை எங்கள் ஊரில் கல்லறை வரைக்கும் துரத்தித் துரத்திப் பேசுவார்கள். டிக்கெட்டும் போட்டாயிற்று. கிளம்புவதற்கு முந்தின இரண்டு மாதத்தில் என் மேஜைக்கு வந்து சேர்ந்தவர்களைத்தான் சொல்லப் போகிறேன். ஃபாரம் நிரப்பிப் பிழைக்கிற சக பாவிகளே, இவர்களை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அரை டிக்கெட்டு

தோவாளையில் மொத்தப் பூ வியாபாரம் செய்கிற ஒருவர் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகக் கிளம்பி, நாலு பாஸ்போர்ட்டையும் வாழைநாரில் கட்டிக்கொண்டு வந்தார். சத்தியமாக வாழைநார்தான். அவிழ்த்துப் பார்த்தால் புருஷன் பெண்சாதி இரண்டு பேருடையதும் சரி, பிள்ளைகள் இரண்டு பேருடையதும் போன மாதமே முடிந்துவிட்டது. “பத்து வருஷம்லா?” என்கிறார். பெரியவர்களுக்குத்தான் பத்து, பிள்ளைகளுக்கு அஞ்சு, தேதி உள்ளேயே அடித்திருக்கிறது, ஒரு நாளாவது திறந்து பார்த்தீர்களா என்றேன். பிச்சிப்பூ ஒரு மணி நேரம் பிந்தினால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனுஷனுக்கு இது தெரியவில்லை.

பாஸ்போர்ட்டில் பொக்கை வாயோடு ஒரு கைக்குழந்தை இருக்கிறது. எதிரே நிற்கிறவன் எட்டி எட்டி என் ஜெராக்ஸ் மிஷினின் பட்டனை அமுக்குகிறான். இந்த மூஞ்சியும் அந்த மூஞ்சியும் ஒன்று என்று எந்த ஆபீசர் நம்புவான்? அவர் மகனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பஸ்ஸுலதான் பிள்ளையளுக்கு அரை டிக்கெட்டு. பாஸ்போர்ட்டுலயும் அரைதானா?”

உயிரோடு இருக்கிற பாஸ்போர்ட்டு

அடுத்து வந்தவர் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். இங்கிலீஷ் பாடம் எடுத்தவர். சர்ச் ஆட்களோடு எருசலேமுக்குப் போகிறார். அவருடைய பாஸ்போர்ட்டில் நாலு மாதம்தான் பாக்கி. ஆறு மாதமாவது இல்லாவிட்டால் ஏற்ற மாட்டார்கள் சார், கடைசி ஒரு வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கலாமே, இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்றேன். அவ்வளவுதான், எனக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார். எக்ஸ்பைரி என்றால் சாவு. சாகிற தேதி வரைக்கும் ஒருவன் உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிறவனை ஆறு மாதத்துக்கு முன்னாலேயே பெட்டியில் வைப்பது எந்த ஊர் நியாயம்?

சார், போன இடத்தில் சுகமில்லாமல் கிடந்து ஊர் திரும்பப் பிந்தினால் அதற்குள் புத்தகம் செத்துப் போய்விடக் கூடாதே, அதற்காக வெளிநாட்டுக்காரன் வைத்திருக்கிற சட்டம் இது என்றேன். ஏறவில்லை. மாதிரி காட்டுவதற்காக என் பாஸ்போர்ட்டை எப்போதும் மேஜை டிராயரில் வைத்திருப்பேன். அதை எடுத்து விரித்து, முடிகிற தேதி இது, இதிலிருந்து ஆறு மாதத்தைக் கழியுங்கள், கடைசியாகப் போகிற தேதி இது என்று சிவப்புப் பேனாவால் கணக்குப் போட்டு அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “கணக்கு செரியாக்கும். கையெழுத்துதான் கொள்ளாது.”

பிஸ்கட் டப்பா

இனி என் சம்பந்தியம்மாளைப் பற்றி. ஜெனியின் மாமியார், மார்த்தாண்டத்தில் இருக்கிறார். இவர் ஃபாரத்தையும் நான்தான் நிரப்பினேன், இன்னும் எட்டு வருஷம் கிடக்கிறது. வந்த நாளிலிருந்து அந்தப் பாஸ்போர்ட்டை வெள்ளைத் துணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு, அதற்கும் மேல் ரப்பர் பேண்ட் போட்டு, பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடியிருக்கிறார். மாதம் ஒரு தடவை போன் போட்டு, “மைனி, வேலிடிட்டி கெடக்கா?” என்று மதினி முறை வைத்துக் கேட்பார். பால் பாக்கெட்டா இது, திரிந்து போக?

ஜெனிக்கு மாதம் நெருங்கியபோது, வேணும்னா நான் போவட்டா என்று மெல்லக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நீங்க ஒண்ணும் சிரமப்படாண்டாம், பெத்தவ நான் இருக்கேன், எனக்கு அங்க இஞ்ச ஆரும் வழி சொல்லித் தரவும் வேண்டாம் என்றேன். பேச்சை மாற்றுவதற்காக, டப்பாவை எப்போதாவது திறந்து பார்த்தீர்களா, பூச்சி கீச்சி அரித்துவிடப் போகிறது என்று கேட்டேன். “நல்ல கதை! எடுத்து எடுத்து பாத்தா புக்கு தேஞ்சு போவும்லா மைனி, அதனால நான் தொறக்கதே இல்ல.”

நூல் கோத்த மேரி

பாஸ்போர்ட்டுக்குப் புது வயசு வாங்குவதை எங்கள் பக்கத்தில் ‘புதுக்குதல்’ என்போம். லைசென்சைப் புதுக்குவோம், பாஸ்போர்ட்டைப் புதுக்குவோம். இனயத்திலிருந்து சகாய மேரி என்று ஒருத்தி வந்தாள். புருஷன் ஆழ்கடலில் தொழிலுக்குப் போகிறவன். பஹ்ரைனில் போட் வேலை கிடைத்திருக்கிறது. கடலுக்குப் போகும்போது, நான் வருவதற்குள் பாஸ்போர்ட்டைப் புதுக்கி வை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு பேப்பர் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். பிரித்தேன்.

பாஸ்போர்ட்டுக்குக் காலிகோ பைண்டிங்! வேதப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் தைத்துக் கொடுக்கிற பைண்டரிடம் கொண்டுபோயிருக்கிறாள். அவனும் நடு முதுகில் ஓட்டை போட்டு, நூல் கோத்து, ஓரத்தை வெட்டிச் சீராக்கி, அரக்குக் கலரில் அட்டை ஒட்டிக் கொடுத்துவிட்டான். சிங்க முத்திரை பசைக்கு அடியில் போயிற்று. நான் கத்திய கத்தலில் பாத்திரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “ஏட்டி, பாஸ்போர்ட்டு சர்க்காருக்க சொத்தாக்கும்! அதுல ஒரு நூலு கோக்க உனக்கு உரிமை உண்டா? ஒரு புள்ளி வைக்க உரிமை உண்டா? உனக்கு மண்டைக்குள்ள மூளையா, மணலா?” அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “புக்கு புதுசாத்தான எக்கா இருக்கு? அப்ப புதுக்குனது தான?”

நெய்மீன்

மேரியின் புருஷன் கரைக்கு வந்ததும், பாஸ்போர்ட் சேதமாகிவிட்டது என்று விளக்கக் கடிதம் எழுதி, ஃபாரம் நிரப்பி, தேதி வாங்கிக் கொடுத்து, போலீஸ் விசாரணையும் முடிந்து புதுசு வந்தது. சந்தோஷத்தில் மேரி அரை ஆள் நீளத்துக்கு ஒரு நெய்மீனோடு வந்து நின்றாள். எனக்கு மஸ்கட் போக ஒன்பது நாள் இருந்தது. சும்மா அனுப்பியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பாஸ்போர்ட்டை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று டிராயரைத் திறந்து என்னுடையதைக் கொடுத்தேன். மூணு வருஷமாச்சுட்டி, ஒரு கீறல் காட்டு பாப்போம் என்றேன்.

மேரி மீன் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, வேதம் புரட்டுகிற மாதிரிப் பயபக்தியோடு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பதினோராம் பக்கத்தில் நின்றாள். ஹெட்மாஸ்டருக்கு நான் போட்ட கணக்கு, சிவப்பு மையில், கழித்தல் குறியோடு, அடியில் இரட்டைக் கோடும் போட்டு, பக்கம் நிறையக் கிடந்தது. கோபத்தில் எந்தத் தாளில் எழுதுகிறேன் என்று நான் பார்த்திருக்கவில்லை. அவள் கேலி செய்யவில்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்டாள்: “நான் நூலுதான எக்கா கோத்தேன், நீங்க கணக்குல்லா போட்டு வச்சிருக்கிய?”

டப்பா திறந்தது

ரப்பரை எடுத்தேன், வைத்துவிட்டேன். அழித்தால் தாள் கிழியும், கிழிந்தால் இன்னும் மோசம். புதுசு வாங்க ஒன்பது நாள் போதாது. அப்படியே போய்ப் பார்த்தால் என்ன என்று ஒரு ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொண்டது. ஏர்போர்ட்டில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினால்? ஜெனி ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடப்பாள். ஊர் என்னைப் பேசினால் பேசட்டும், என் பிள்ளை தனியாக நோகக் கூடாது. ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானைக்குள் கிடந்துகொண்டே மார்த்தாண்டத்துக்குப் போன் போட்டது.

என் தப்பை ஒன்று விடாமல் சொன்னேன். மானம் போயிற்று. சம்பந்தியம்மாள் சிரிப்பார் என்று நினைத்தேன். மறுமுனையில் தகரம் திறக்கிற சத்தம் கேட்டது, ரப்பர் பேண்ட் தெறிக்கிற சத்தம் கேட்டது. “மைனி, நீங்க அழாதிய. பிள்ள பெத்தவளுக்கு காயமருந்து இடிச்சு வச்சிருப்பியள்லா, அத குடுத்துவிடுங்க, உங்கம்மை தந்ததுன்னு சொல்லித்தான் அவளுக்கு குடுப்பேன்.”

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

சம்பந்தியம்மாள் மஸ்கட்டில் இறங்கிய மறுநாள் நான் பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நின்றேன். ஆட்களை அனுப்பி அனுப்பிப் பழகின என் கையிலும் ஒரு டோக்கன். சேதத்துக்கான காரணம் என்று நானே எழுதிய கடிதத்தை ஆபீசர் இரண்டு தடவை படித்தார். பதினோராம் பக்கத்தைப் பார்த்தார், கணக்கைக் கூட்டிக் கழித்துச் சரிபார்த்தார் என்றே நினைக்கிறேன். என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். “அப்ப உங்களுக்கு யாரும்மா ஃபாரம் நிரப்பினது?”

பேத்தி பிறந்துவிட்டாள், எனக்குப் புதுப் பாஸ்போர்ட் வந்து நான் போய்ப் பார்ப்பதற்குள், அவளே தன் அரை டிக்கெட் பாஸ்போர்ட்டோடு இங்கே வந்து இறங்கி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிற எனக்கு டாட்டா காட்டிவிடுவாள் போலிருக்கிறது.