உளுந்தடித்த ஹெரால்டு: கோவில்பட்டியிலிருந்து புதியம்புத்தூர் வரை

இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, என் பழைய ஹெரால்டு காரில் புதியம்புத்தூர் போய் வந்தேன். கோவில்பட்டியில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருக்கிறேன். நைட்டியும் குழந்தைகள் கவுனும் அங்கே தைத்து வருபவைதான். வழக்கமாக லாரியில் வந்துவிடும். இந்தத் தடவை நானே போனதற்குக் காரணம் சரக்கு இல்லை, ஒரு பந்தயம்.

பந்தயம் கட்டியது என் வீட்டுக்காரர். நூல் மில்லில் அலுவலக வேலை. என் காரைத் தவிர எல்லா விஷயத்திலும் நிதானமான மனுஷன். மதுரையிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை வண்டியை விலைக்குப் பார்க்க வருவதாகப் பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வாயைத் திறந்தார். "புதியம்புத்தூர் போய்ட்டு வருவோம். எங்கயும் தள்ளாம வீடு வந்து சேந்துட்டா வண்டி ஒனக்கு. ஒரு தள்ளு தள்ளுனாலும் திங்கக்கெழம சாவியக் கொடுத்துரணும்." சரி என்றேன். என் வண்டியை எனக்குத் தெரியாதா?

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். என்னுடையதற்கு இரண்டே கதவு. பின்சீட்டுக்குப் போக உடம்பை மடக்கத் தெரிய வேண்டும். பானெட்டைத் தூக்கினால் விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து வண்டியின் மொத்த முகமும் முன்பக்கம் கவிழும். டயர் மேல் உட்கார்ந்தபடி என்ஜினை நோண்டலாம். எல்லாவற்றையும்விட அது திரும்புகிற அழகு இருக்கிறதே, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் நம் மார்க்கெட் ரோட்டில்கூட ஒரே வெட்டில் திரும்பிவிடும். ஆட்டோக்காரர்களே நின்று பார்ப்பார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் ஷெட்டில் கோழி அடைந்துகிடந்த வண்டி இது. கடையில் சம்பாதித்த காசில் வாங்கினேன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே இதில்தான்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பசுவந்தனை இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று என் மீட்டர் சொன்னது. அது கொஞ்சம் கூட்டிச் சொல்லும். அங்கே ஒரு டீ. பிறகு ஓட்டப்பிடாரம் வழியாகப் புதியம்புத்தூர். மொத்தம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். டிக்கியும் பின்சீட்டும் நிறையத் துணிப்பொதிகளை அடைத்துக்கொண்டு திரும்பினோம். வீட்டுக்காரர் வழியெல்லாம் ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை.

ஓட்டப்பிடாரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், காலையில் போகும்போது வெறுமனே கிடந்த ரோடு முழுக்க உளுந்தஞ்செடி. எங்கள் பக்கம் இது புதிதில்லை. பிடுங்கிக் காயவைத்த செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டி ஏறி ஏறி நெற்று உடைந்து உளுந்து உதிரும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்று வண்டியே இல்லை. கிழக்கே மேகம் கறுத்து நின்றது.

ரோட்டோரம் கம்போடு நின்ற பெண் ஓடி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"யக்கா, நாலு தடவ போய்ட்டுப் போய்ட்டு வாங்கக்கா. டிராக்டருக்குச் சொல்லிருந்தேன், வேற ஊருக்குப் போயிட்டான். இது நனஞ்சா அப்பிடியே மொளச்சிரும். வருசத்துக்கு இந்த ஒரு வெள்ளாமதான்."

ஹெரால்டின் வயிறு தரையோடு தரையாகத் தாழ்ந்தது. காய்ந்த கொடி அடியில் சுற்றினால் வண்டி நிற்கும், சூடான சைலன்சரில் பட்டால் தீயே பிடிக்கலாம். நின்றால் தள்ள வேண்டும், தள்ளினால் என் வண்டி போய்விடும். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஒன் இஷ்டம்," என்றார். அந்தப் பெண்ணோ வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொதிகளை ஒரு வேப்பமரத்தடியில் இறக்கிவைத்தோம். நான் ஏறினேன்.

முந்தின நாள் தூறலில் இரண்டு பக்கமும் கரிசல் பசையாகக் கிடந்தது. சக்கரம் இறங்கினால் அவ்வளவுதான். வேறு கார் என்றால் திரும்பவே இடமில்லை. என் ஹெரால்டுக்குத் தாரும் ஓரத்துச் சரளையும் போதும். போனேன், வெட்டித் திரும்பினேன், வந்தேன், மறுபடி திரும்பினேன். நாலு நடைக்கு ஒருமுறை நிறுத்தி வீட்டுக்காரர் அடியில் குனிந்து கொடியை இழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணும் அவள் வீட்டு ஆட்களும் கம்பால் புரட்டிப் புரட்டிக் கொடுத்தார்கள். நெற்று சடசடவென்று உடைகிற சத்தம் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! ஒன்பது வருஷத்தில் இந்த வண்டியை இத்தனை ஆசையாக நான் ஓட்டியதில்லை.

கடைசி நடையில் கருகல் வாடை. உடனே என்ஜினை அணைத்தேன். பின் அச்சுக்குப் போகிற ஷாப்டில் கொடி கயிறாக முறுக்கியிருந்தது. அரிவாளால் அறுத்தெடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு சாவியைத் திருகினால் சத்தமே இல்லை. தூறல் விழ ஆரம்பித்திருந்தது. உளுந்தைக் கூட்டித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு அத்தனை பேரும் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"ஏலே, எல்லாரும் சேந்து தள்ளுங்கலே," என்று முதலில் கை வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டேன். வண்டி பிடித்துக்கொண்டது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என்ஜினை அணைக்காமலே பொதிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வீட்டு வாசலில் நானே சொன்னேன்: "தள்ளியாச்சு. நாளைக்கு அந்த மதுரைக்காரர வரச் சொல்லுங்க."

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: ரோடு நன்றாகவே இருக்கிறது. என் வண்டிக்குப் போக வர எண்ணூறு ரூபாய்க்குள் பெட்ரோல் ஆனது. தையிலும் மாசியிலும் வந்தால் ரோட்டில் செடி கிடக்கும். தாழ்ந்த கார் என்றால் மெதுவாகத் தாண்டி, உடனே இறங்கி அடியில் பாருங்கள். மழை பெய்திருந்தால் ஓரம் கட்டவே கட்டாதீர்கள், கரிசல் விடாது. என்னைப்போல் உளுந்தடிக்கச் சொல்லி யாருக்கும் நான் யோசனை சொல்லமாட்டேன். ஆனால் திரும்ப அதே ரோட்டில் அதே பெண் கேட்டால் நான் அடித்துக் கொடுப்பேன்.

திங்கட்கிழமை மதுரைக்காரர் வந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வந்தவருக்கு வண்டி பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"மழை பேஞ்சா உள்ள ஒழுகும். சித்திரைல தண்ணி கொதிச்சிரும். ஸ்பேர் பார்ட்ஸ் கெடைக்காது, அலையணும். பிரேக்க ரெண்டு மிதி மிதிக்கணும். நேத்துகூட ஏழு பேரு தள்ளுனோம்."

வந்தவர் திகைத்துப்போனார். "இவ்வளவு கோளாற வச்சுக்கிட்டு எப்படி சார் ஒம்பது வருஷம் ஓட்டுனீங்க?"

"அது இவ ஓட்டுனா ஓடும்," என்றார் வீட்டுக்காரர். "ஒங்களுக்கு ஓடாது. காப்பி குடிச்சிட்டுப் போங்க."