இரும்புக் கதவுக்குள் கொரியப் படம் சொன்னவன்

என் தம்பி ஒரு வட்டிக்காரருக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தான். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அதனால் எடுத்த எடுப்பிலேயே தொகையைச் சொல்லிவிட்டேன். சினிமா டிஸ்க் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். எல்லோரும் கைப்பேசியில் படம் பார்க்கத் தொடங்கியதும் கடையில் ஈ ஓட்டினான். ஈ ஓட்டிய நேரத்தில் வேறு தொழில் தேடியிருக்க வேண்டும், இல்லையா? இவன் யாரும் தொடாத மூலை அலமாரியிலிருந்த கொரியப் படங்களை ஒன்று விடாமல் பார்த்து முடித்தான். இங்கே வட்டி ஏறிக்கொண்டிருக்க, இவன் கொரியாவில் இருந்திருக்கிறான்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. பொத்தான் தைக்க உட்கார்ந்த வயதில் என் கால் தரையைத் தொடாது. அங்கிருந்து ஏறி வந்து முப்பது மெஷின் ஓடும் தையல் கூடத்துக்கு முதலாளி ஆனேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். நான் போட்ட தையல் கோணலாக இருந்து யாராவது பார்த்திருந்தால் வந்து சொல்லட்டும்.

வட்டிக்காரர் ஒருநாள் மாடியேறி வந்து, மெஷின்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க தம்பிகிட்ட எனக்கு ஒண்ணும் தேறாதும்மா. நீங்க பொறுப்பு ஏத்துக்கிட்டா கதை வேற."

"ஏத்துக்கிட்டேன். மாசாமாசம் வந்து வாங்கிக்கங்க."

"பாதி மெஷின் என் பேர்ல இருக்கட்டும். இன்னொண்ணு, ஆள் உங்க கூடத்துக்குள்ளயே இருக்கணும். ஏற்கெனவே ஒருதரம் ஓடிப் பார்த்தவன். படியிறங்கினான்னு காதுல விழுந்தா மெஷினை இறக்கிடுவேன்."

படிக்கட்டின் கீழே பெட்டிக்கடை வைத்திருந்தவர் வட்டிக்காரருக்கு வேண்டியவர். அவர் கண்ணில் படாமல் ஒரு பூனைகூட இறங்க முடியாது. அன்றிலிருந்து என் தம்பிக்கு உலகம் என்பது இரண்டாம் மாடியில் ஒரே ஒரு நீளக் கூடம்.

அந்தக் கூடத்தைச் சொல்ல வேண்டும். வாசலில் மடக்கு இரும்புக் கதவு. ஜன்னல்கள் இருந்தன, ஆனால் துணி உருளைகளை அடுக்க வேறு இடமில்லாததால் கம்பிவரை அடைத்துவிட்டோம். பகலிலும் குழல்விளக்குதான். இஸ்திரிப் பெட்டியின் ஆவி கூரையில் முட்டித் திரும்பி எங்கள் தலையிலேயே இறங்கும். கடைசியில் செக்கிங் மேசை. தைத்த சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, பிசிறு நூலை வெட்டி, சரி என்றால் மடித்து வைப்பது தம்பியின் வேலை. சம்பளம் கிடையாது, அது நேராகக் கடனுக்குப் போகும். சாப்பாடு என் வீட்டிலிருந்து வரும். படுக்கை அதே துணி உருளைகளின் மேல். வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வான்.

முதல் மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் மத்தியானம், காலர் வைக்கும் பெண் கொட்டாவியை அடக்க முடியாமல் கேட்டாள்.

"அண்ணே, கடை வச்சிருந்தீங்களே, ஒரு படக்கதை சொல்லுங்களேன். கண்ணு சொக்குது."

அவன் சொன்ன முதல் படம் ஒரு கலங்கரை விளக்கத்தைப் பற்றியது. அங்கே ஒரு கிழவர், அவருடைய மகள். இருவரும் சாப்பிடுகிறார்கள். கடலைப் பார்க்கிறார்கள். மறுபடியும் சாப்பிடுகிறார்கள்.

பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள் வாயாடி. "அவ்வளவு நேரம் உட்கார்ந்து சாப்பிட்டா நம்ம அக்கா சும்மா விடுவாங்களா?" என்றாள். கூடமே சிரித்தது. நானும் என் மேசையில் இருந்தபடி சிரித்தேன்.

தம்பிக்குக் கோபம் வரவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "தப்பு என் மேலதான். புதுசா வர்றவங்களுக்கு இதை முதல்ல குடுக்கக் கூடாது. இது நாலாவதா பார்க்க வேண்டிய படம்" என்றான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, கடை படுத்ததற்குக் காரணம் இவன் சோம்பேறித்தனம் மட்டுமில்லை. கேட்டதைக் கொடுக்காமல், ஆளைப் பார்த்து அளவெடுத்துப் படம் கொடுத்திருக்கிறான். வாடிக்கையாளருக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது?

மறுநாள் இன்ஷூரன்ஸ்காரன் கதையை எடுத்தான். இறந்துபோனவன் உண்மையிலேயே இறந்தானா என்று விசாரிக்க ஒருவன் ஓர் அடுக்குமாடிக்கு வருகிறான். மாடிக்கு மாடி ஆட்கள் ஆளுக்கொரு பொய் சொல்கிறார்கள். கேட்கக் கேட்கச் சிரிப்பு. அப்படியே போய்க்கொண்டிருக்கும்போது, எந்த இடத்தில் என்று தெரியவில்லை, கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்கள். முப்பது வருடமாக அந்த இரைச்சலில் வாழ்ந்தவள் நான்; அமைதி கேட்டு எழுந்து ஓடினேன்.

"அதான் கொரியப் படம்" என்றான் தம்பி. "சிரிச்சுக்கிட்டே உள்ளே போவீங்க. எப்ப கதவைச் சாத்தினாங்கன்னே தெரியாது."

பிறகு தினமும் அதுதான். இடையிடையே பாடமும் நடக்கும். பாதியில் எழுந்து போகக் கூடாதாம். தான் என்ன படம் என்பது பாதிக்கு மேல்தான் அந்தப் படத்துக்கே தெரியுமாம். வேறு குரல் போட்டுப் பார்க்காமல் அவர்கள் குரலிலேயே கேட்க வேண்டுமாம். கீழே ஓடும் எழுத்து முதல் பத்து நிமிடம்தான் தொந்தரவு, பிறகு படிப்பதே மறந்துபோகுமாம். கெட்டவனுக்கும் வீட்டில் சாப்பாடு போட ஓர் அம்மா இருப்பாளாம், அவளையும் காட்டுவார்களாம். அங்கேயும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஒரு வயது மூத்தவனும் அண்ணன்தான் என்று அவன் சொன்னபோது, காலர்க்காரி, "அப்போ நம்ம வீடுதான்" என்று முடித்துவிட்டாள்.

எல்லோருக்கும் மிகவும் பிடித்தது சுங்கச்சாவடிப் பெண்ணின் கதை. மலையைக் குடைந்த சுரங்கப் பாதையில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து வண்டிகளிடம் காசு வாங்குகிறாள். பகல் தெரியாது. ஒரு லாரிக்காரன் வாரத்துக்கு ஒருமுறை அந்த வழியாகப் போகிறான். போகும்போதெல்லாம் கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறான். கடைசியில் லாரியை நிறுத்திக் கதவைத் திறந்து வைக்கிறான். அவள் கூண்டைப் பூட்டி, சாவியை உள்ளேயே எறிந்துவிட்டு ஏறிப் போகிறாள். தம்பி இதை வாரக்கணக்கில் இழுத்துச் சொன்னான்.

லாரி வந்து நின்ற அன்றுதான் அந்த அநியாயம் நடந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு மொத்தமாகத் தைக்கும் சட்டை லாட். சட்டைப்பை தைக்கும் வரிசையில் முதலில் இருந்தவள் கதையில் லயித்து, பையை வலப்பக்கம் வைத்துவிட்டாள். அடுத்தவள் அவளைப் பார்த்து வைத்தாள். அதற்கடுத்தவள் இவளைப் பார்த்து. செக்கிங் மேசையில் இருந்த மகாராசன் லாரிக் கதவைத் திறந்துகொண்டே எல்லாவற்றையும் சரி என்று மடித்து வைத்தான். ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்கும் இதயம் வலப்பக்கம்.

பிரித்துத் தைத்த செலவில் அந்த மாதத் தவணை தவறியது. வட்டிக்காரர் வந்து, தவறியதற்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்று போட்டு, கடன் முடிய வேண்டிய நாளை ஒரு வருடம் தள்ளி வைத்துவிட்டுப் போனார். தம்பி இரும்புக் கதவுவரை நடந்து போய், கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். நான் எழுந்து இரண்டடி அவன் பக்கம் போனேன். ஆனாலும் முதலாளி முதலாளிதான்.

"இனிமே கதை கிடையாது" என்றேன்.

கதையோடு வேலையும் படுத்தது. பெண்கள் வாய் மூடித் தைத்தார்கள், ஆமை மாதிரி தைத்தார்கள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு மாமியார் சீரியஸ். இரண்டு பேர் பக்கத்துக் கூடத்துக்கே போய்விட்டார்கள். தம்பி செக்கிங் மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும்.

படித்தவர்களாக இருந்தால் ஆள் வைத்து ஆலோசனை கேட்டிருப்பார்கள். நான் ஒரு காலையில் உட்கார்ந்து தீர்த்துவிட்டேன். காலர், பை, கை இணைப்பு நடக்கும்போது கதை கூடாது. நேர்த்தையலுக்கு ஓட்டமும் துரத்தலும். பிசிறு வெட்டும்போது குடும்பச் சண்டை. அழுகை வந்தால் டீ நேரத்துக்கு ஒதுக்கி வை. படத்துக்கே ஷிஃப்ட் போட்டவள் என்னைத் தவிர யாராவது இருந்தால் காட்டுங்கள்.

"சஸ்பென்ஸை எங்கக்கா வைக்கிறது?" என்றான் தம்பி.

"சனிக்கிழமை சாயந்தரம் வை. திங்கள்கிழமை ஒருத்தியும் லீவு போட மாட்டா."

போடவில்லை. போன இருவரும் திரும்பி வந்தார்கள். மாதம் தவறாமல் தவணை போனது. தள்ளி வைத்த நாளுக்கு முன்பே கடன் தீர்ந்தது. மெஷின்கள் என் பெயருக்குத் திரும்பின. இரும்புக் கதவை நானே முழுவதுமாக மடக்கித் தள்ளினேன்.

"போடா. எங்க வேணும்னாலும் போ."

அவன் படிவரை போனான். கீழே பார்த்தான். பெட்டிக்கடைக்காரர் தலை தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி திரும்பி வந்து செக்கிங் மேசையில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்துப் புரட்டினான். அடுத்த நாளும் அப்படியே, அடுத்த வாரமும் அப்படியே. வீட்டுக்கு வந்து படு என்றால், இங்கேயே பழகிவிட்டது என்பான். கடனை நான் அடைத்துவிட்டேன். இதை எப்படி அடைப்பது என்று தெரியாமல் விழித்தேன். வாழ்க்கையில் நான் விழித்தது அபூர்வம்.

காஜாக்காரிதான் வழி கொண்டுவந்தாள். அவள் கணவரின் மெக்கானிக் கடைக்கு மேலே ஒரு காலி ஹால், ஒரு வெள்ளைச் சுவர், வாடகைக்கு ஒரு புரொஜெக்டர்.

"கேட்டுக் கேட்டே காது பழுத்துப்போச்சு. ஞாயித்துக்கிழமை அந்தச் சுங்கச்சாவடிக்காரியைக் கண்ணால பார்க்கணும். அண்ணன் வந்து போட்டுக் காட்டணும்."

தம்பி நழுவப் பார்த்தான். வேறு படம் காட்டுகிறேன் என்றான், கடையிலிருந்து எடுத்து வைத்த டிஸ்க் கீறிவிட்டது என்றான். பெண்கள் போன பிறகு நான் அவன் மேசைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னடா ஒளிக்கிற?"

"அவ போகலைக்கா."

"எவ?"

"அந்தப் பொண்ணு. லாரிக்காரன் கதவைத் திறந்து வைக்கிறான். அவ பார்க்கிறா. அப்புறம் காசை வாங்கிக்கிட்டு, மிச்சத்தைக் குடுத்துட்டு, கண்ணாடியைச் சாத்திடுறா. படம் அதோட முடியுது."

"அப்புறம் ஏன் அவ ஏறிப் போனான்னு சொன்ன?"

அவன் கத்தரியைத் திறந்து திறந்து மூடினான். "அத்தனை பேரும் மிதியிலிருந்து காலை எடுத்துட்டு என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. அவ அங்கேயே உட்கார்ந்துட்டான்னு சொல்ல வாய் வரலை. எனக்கும் அவ போனா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

எனக்குச் சினிமா தெரியாது. ஆனால் ஆளைத் தெரியும்.

"அவ போகாததுக்கு நீ என்ன பண்ணுவ? யாரோ எடுத்த படம். நீ போறது உன் கையில இருக்கு. போய் உள்ளது உள்ளபடி காட்டு. திட்டுவாளுங்க. வாங்கிக்கோ. என்கிட்ட வாங்காத திட்டா?"

ஞாயிற்றுக்கிழமை காஜாக்காரியும் காலர்க்காரியும் வந்து ஆளுக்கொரு பக்கமாக அவனைப் படியிறக்கினார்கள். தெருவில் வெயிலுக்குக் கண் கூசி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தானாம். எனக்கு அவசர ஆர்டர், நான் போகவில்லை. மறுநாள் கூடமே கொதித்தது.

"மூணு வாரம் இழுத்து, கடைசியில வாயில வந்ததைச் சொல்லியிருக்கீங்க" என்றாள் காஜாக்காரி. "நாங்க என்ன பச்சைக் குழந்தைங்களா?"

"நீங்க சொன்னதுதான் நல்லா இருந்துச்சு" என்றாள் காலர்க்காரி. கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டிவிட்டுத் தானே நிறுத்தினாள். "ஆனா ராத்திரி பூரா அவ முகம்தான் கண்ணுல. அடுத்த வாரம் என்ன படம்ணே?"

அடுத்த வாரம் ஒரு படம், அதற்கடுத்த வாரம் ஒரு படம். பக்கத்துக் கூடத்துப் பெண்கள் வந்தார்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். தம்பி வாசலிலேயே நின்று, கொரியப் படமே பார்த்திராதவர்களைத் தனியாக நிறுத்தி, எது பிடிக்கும் என்று கேட்காமல் எதற்குப் பயப்படுவீர்கள் என்று கேட்டு, இந்த வாரம் வாருங்கள், அடுத்த வாரம் வராதீர்கள் என்று சொல்லி அனுப்புவானாம். செக்கிங் வேலையை விட்டான். ஹாலுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக்கொண்டான். அதற்கு ஜன்னல் இருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன்.

படம் பார்க்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை. உட்கார்ந்து எதையும் பார்த்துப் பழக்கமில்லாத உடம்பு இது. கடைசியில் ஒரு ஞாயிறு, மெஷின்களுக்கு உறை போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு மெக்கானிக் கடை மாடி ஏறினேன். வாசலில் தம்பி. என்னைக் கண்டதும் நேராக நின்றான். வழிவிடவில்லை.

"என்ன படம்டா?"

"கலங்கரை விளக்கம்க்கா. உனக்கு இப்போ சரியா இருக்கும்."

"ஒண்ணும் நடக்காதே அதுல."

"அதுக்குத்தான்."

நான் உள்ளே நுழையப் போனேன். அவன் கையை நீட்டினான்.

"டிக்கெட்."

"டேய், நான் உன் அக்கா."

"அக்காவுக்கு முதல் வரிசை. டிக்கெட் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"நாளைக்குத் தர்றேன்."

"கடன் சொல்லாதக்கா."

பின்னால் படியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாக நீவி, அவன் விரித்த உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.