ஆல்பத்தோடு போன மைசூர் டூர்

காலண்டர் ஆர்டர் பிடிக்கிறவனுக்கு எல்லா ஊரும் தெரியும். அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மொத்தக் கடைத் தெருவுக்கு எது குறுக்கு வழி, எந்த முதலாளி மத்தியானம் தூங்குவார், எந்த லாட்ஜில் மூட்டைப்பூச்சி குறைவு, இதுதான் என் பூகோளம். மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சிவகாசியிலிருந்து இருபத்தைந்து வருஷமாக அலைகிறேன். மருந்து விற்கிறீர்களோ சேலை விற்கிறீர்களோ, பையோடு ஊர் சுற்றிப் பிழைக்கிற கூட்டாளிகளே, உங்கள் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும்.

ஹைதராபாத் பிளான்

தெருவில் யார் டூர் கிளம்பினாலும், "பாய்கிட்ட கேளு, அவருக்குத் தெரியாத ஊரா?" என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள். நானும் பெருமையாக எழுதிக் கொடுப்பேன். தாயில்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கும் முத்துராஜ், தீபாவளி முடிந்து லீவு விட்டதும் வந்தார். பெண்டாட்டி பிள்ளைகளோடு ஹைதராபாத் போக ஆசை. நாலு நாளுக்கு நானே பிளான் போட்டுக் கொடுத்தேன். நான் தங்குகிற லாட்ஜ், நான் சாப்பிடுகிற மெஸ்.

திரும்பி வந்தவரிடம், "பிரியாணி எப்படி? சார்மினார் எப்படி?" என்று கேட்டேன். மனுஷர் என் மனசு நோகாமல்தான் சொன்னார்: "எல்லாம் நல்லா இருந்துச்சு பாய். நீங்க சொன்ன மெஸ்ஸுல நாலு நாளும் சாம்பார் சாதம் சாப்பிட்டோம். லாட்ஜு ஜன்னலைத் திறந்தா பூரா பேப்பர் கடைதான்."

நோட்டுத் தாள்

என் மகள் நிஷா அஞ்சாவது படிக்கும்போது எங்கள் வீட்டுச் சுவரில் மைசூர் அரண்மனை காலண்டர் தொங்கியது. அரண்மனை பூராவும் விளக்கு எரிகிற படம். "இங்கன போவோமா அத்தா?" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பாள். சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஆகஸ்ட் மாசத்தில் ஒருவழியாக டிக்கெட் போட்டேன். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துப் புது ஆல்பம் வந்து, சீசன் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

என் வீட்டுக்காரி ஜமீலா கல்யாணமான நாளிலிருந்து அதுவரை மதுரையைத் தாண்டியதில்லை. அம்மாவும் மகளும் நோட்டுத் தாளில் எழுதினார்கள்: மசாலா தோசை, மிருகக்காட்சி சாலை, மைசூர்பாகு. கடைசியில் பெரிய எழுத்தில், 'ஞாயிறு ஏழு மணி, அரண்மனை விளக்கு'. ஞாயிற்றுக்கிழமைதான் விளக்குப் போடுவார்கள், அதுவும் முக்கால் மணி நேரந்தான் என்று நிஷா டீச்சரிடம் கேட்டு வைத்திருந்தாள்.

பையில் துணிக்கு அடியில் நான் ஆல்பத்தைச் சொருகியதை ஜமீலா பார்த்துவிட்டாள். "சும்மா கிடக்கட்டும், எடுக்க மாட்டேன்" என்றேன். அவள் கேட்டாள்: "எடுக்காததை எதுக்குங்க அம்புட்டு தூரம் சுமக்கணும்?"

தோசை

மைசூரில் பேர் போன ஹோட்டல். அரைமணி வரிசையில் நின்று இடம் பிடித்தோம். எதிரே ஒரு ஜவுளிக்கடை. "கார்டு மட்டும் குடுத்துட்டு வாரேன்" என்று போனேன். அந்த ஆர்டரும் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம். வந்து பார்த்தால் என் தோசை ஆறி விறைத்துக் கிடக்கிறது, தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நிஷா. "ரெண்டு தடவை எடுக்க வந்தாக அத்தா, நாந்தான் விடல."

பத்தே நிமிஷம்

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் ஆறரைக்கே அரண்மனைக்கு நடந்தோம். மார்க்கெட் ஓரத்தில் ஒரு பெரிய மளிகைக்கடை. முதலாளிக்குத் தமிழ் தெரியும், எனக்குப் பழைய பழக்கம். "என்ன பாய்!" என்று கூப்பிட்டுவிட்டார். கையைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. "பத்தே நிமிஷம், சேர்ந்தே போவோம்" என்று இருவரையும் வாசலில் அரிசி மூட்டை மேல் உட்காரவைத்துவிட்டு ஆல்பத்தை விரித்தேன். ஆமாம், அன்றைக்கும் அது தோளில்தான் இருந்தது.

லட்சுமி, முருகன், ரோஜாப்பூ என்று புரட்டியவர் அரண்மனைப் படத்தில் நின்றார். எடுப்பாக இருக்குமா என்று இழுத்தார். "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! நேர்ல பாக்குற மாதிரியே இருக்கும். அந்த மஞ்ச வெளிச்சம் அப்படியே அச்சுல விழும்" என்று அளந்து விட்டேன். நிஷா இரண்டு தடவை வந்து சட்டையை இழுத்தாள். "இந்தா வந்துட்டேம்மா" என்றேன். கடைப் பெயர் மேலேயா கீழேயா, என்ன கலர் என்று அவர் யோசித்து முடித்துக் கையெழுத்துப் போடும்போது மணி ஏழரை தாண்டிவிட்டது.

ஓடினோம். கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வந்தால் அரண்மனை இருட்டிக் கிடக்கிறது. திங்கட்கிழமை ரயில். அடப்பாவி, அந்த ஒரு ஆர்டர் இல்லாவிட்டால் செத்தா போயிருப்பேன்? நிஷா அழவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "நேர்ல பாக்குற மாதிரியே இருக்கும்னு சொன்னீகளே அத்தா, நீங்க எப்ப பாத்தீக?"

ரெண்டு டிக்கெட்

நிஷாவுக்கு இப்போது பெங்களூரில் வேலை. போன மாதம் மைசூருக்கு அவளே பிளான் போட்டாள். அவளுக்கும் அம்மாவுக்குமாக இரண்டே டிக்கெட். சீசன்கூட இல்லை, ஆல்பம் பீரோ மேல் தூங்குகிறது. "எனக்கு?" என்று போனில் கேட்டேன். "உங்களுக்கு வேலை இருக்கும்னு நெனச்சோம் அத்தா" என்றாள் பாவம். அவளைக் குறை சொல்ல முடியாது, எனக்கு வேலை இல்லாத நாளை அவள் பார்த்ததே இல்லை. விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போய் ஜமீலாவை நானே ரயில் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஞாயிறு ஏழு மணிக்கு வீடியோ கால் வந்தது. உள்ளங்கையளவு திரையில் அரண்மனை மொத்தமும் ஜொலித்தது. அச்சில் வருகிற மஞ்சள் இல்லை அது, பக்கத்தில்கூட வராது. எத்தனை கடையில் எத்தனை முதலாளியிடம் அளந்திருப்பேன்! முகம் தெரியாமல் ஜமீலாவின் குரல் மட்டும் வந்தது: "நல்லாப் பாத்துக்கோங்க. இனிமேலாவது ஆர்டர் பிடிக்கையில பொய் சொல்லாம இருக்கலாம்."

இத்தனை வருஷத்தில் நான் எடுத்த ஆர்டரில் லோடு போய்ச் சேராத ஒரே ஆர்டர், ஒரு நோட்டுத் தாளில் என் வீட்டிலேயே எழுதிக் கொடுத்ததுதான்.